ரூபாய்க்கு அரைத்த மிளகாய்

அது தவறு. பத்திரிகையைச் சொல்லவில்லை, உங்களைச் சொல்கிறேன். 'ரூபாய் மதிப்பு மேலும் சரிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டினீர்கள். இழவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கொட்டுவார்களே, அந்தச் 'ச்சு'. ரூபாய் சரிந்தால் நாடே சரிந்துவிட்டதாக நினைப்பவர்கள் இந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். மீதிப் பத்துப் பேர் பத்திரிகை படிப்பதில்லை. இந்தத் தவறான எண்ணத்தால் இதுவரை எத்தனை குடும்பங்கள் கெட்டன என்று எந்த அரசாங்கமும் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு குடும்பம் கெட்டது. என்னுடையது.

பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் இருக்கிறார். அவர் வடையை முடித்துவிட்டு வருவதற்குள் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

ரூபாய் ஒரு சரக்கு, ஐயா. தக்காளி மாதிரி. கேட்பவர் அதிகமானால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். தக்காளி விலை இறங்கினால் நீங்கள் 'ச்சு' கொட்டுகிறீர்களா? பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். ரூபாயை யார் கேட்பது என்பீர்கள். வெளிநாட்டுக்காரன் கேட்கிறான். ஸ்பெயின் தேசத்தில் ஒருவன் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி போடுகிறான். மண்ணில் இல்லை. நம் பொள்ளாச்சித் தேங்காய் மட்டையில் நாரை உரித்த பிறகு மிஞ்சுகிறதே தூள், அந்தத் தூளில். என் சின்ன வயதில் அதைச் சாலையோரம் கொட்டித் தீ வைப்பார்கள். மாதக்கணக்கில் புகையும். இப்போது அதைக் கழுவி, களத்தில் காயவைத்து, செங்கல் மாதிரி அமுக்கிக் கப்பலேற்றுகிறார்கள். வாங்குகிறவன் டாலர் தருகிறான். ஆனால் வெயிலில் நின்று தூளைக் கிளறும் மாரக்காளிடம் சனிக்கிழமை டாலரைக் கொடுத்துப் பாருங்கள், முகத்தில் எறிவாள். அவளுக்கு ரூபாய் வேண்டும். ஆகவே அந்த டாலரைக் கொடுத்து ரூபாய் வாங்கியாக வேண்டும். ஸ்பெயினுக்குத் தூள் வேண்டுமென்றால் அவனுக்கு முதலில் ரூபாய் வேண்டும். நம் சரக்கைக் கேட்பவர் பெருகினால் நம் ரூபாயைக் கேட்பவர் பெருகுவார், ரூபாய் ஏறும், டாலர் இறங்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிக்காரன் நம் மிளகுக்குத் தங்கக் காசைக் கொட்டினானே, அதுவும் இதே கதைதான். அந்தக் காசு பொள்ளாச்சியிலேயே பூமிக்கடியில் கிடைத்திருக்கிறது. தோண்டியவனுக்குக் காசு கிடைத்தது, தத்துவம் கிடைக்கவில்லை.

நான் யாரென்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். நாவல் அலமாரிக்குக் கூட்டம் வரும், சமையல் அலமாரிக்குக் கூட்டம் வரும். பொருளாதார அலமாரியைப் பல்லி தவிர யாரும் தொட்டதில்லை. புத்தகத்தைத் தேடி ஆள் வராவிட்டால் ஆள்தான் புத்தகத்திடம் போகவேண்டும். நான் போனேன். கடைசித் தட்டு வரை போனேன்.

என் தங்கை சம்பூர்ணத்தின் புருஷன் சாமியப்பன். எனக்கு மாப்பிள்ளை முறை. ஆனைமலை ரோட்டில் அவருக்குத் தூள் காயவைக்கும் களம், அதைச் செங்கல்லாக அமுக்கிப் பிளாக் அடிக்கும் மெஷின் எல்லாம் உண்டு. உங்களை 'ச்சு' கொட்டவைக்கிற செய்தி வந்தால் அவர் வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஜாதி. டாலரில் பணம் வருகிறவனுக்கு ரூபாய் சரிவதுதானே லாபம். காலையில் எழுந்ததும் போனில் டாலர் விலை பார்ப்பார். டாலர் ஏறியிருந்தால் இட்லி நன்றாக இருக்கும். இறங்கியிருந்தால் சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். என் தங்கை கல்யாணமான நாளிலிருந்து அந்நியச் செலாவணியைச் சாம்பார் வழியாகத்தான் அறிந்தவள். அவ்வளவுதான் அந்த வீட்டின் பொருளாதார அறிவு. அந்த வீட்டுக்கு நான் எவ்வளவோ செய்திருக்கிறேன்.

ஒரு வருஷம் ஆர்டர் குவிந்தது. ஸ்பெயின் கேட்கிறது, கொரியா கேட்கிறது, ஹாலந்து கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போயிருந்தேன். வழியெல்லாம் லாரி. தட்டில் கை வைப்பதற்கு முன்பே கேட்டேன்.

"மாப்பிள்ளை, இந்த ரோட்டில் இப்போது எத்தனை கம்பெனி இருக்கும்?"

"ஆரு எண்ணறாங்க மச்சான். மாட்டுக் கொட்டாய் வெச்சிருந்தவனெல்லாம் மாட்டை வித்துப்போட்டு பிளாக் அடிக்கறான்."

"கண்டெய்னர் தாராளமாகக் கிடைக்கிறதா?"

"எங்கீங்க. கப்பல் கம்பெனிக்காரன் போனையே எடுக்கறதில்லை."

"அப்படியானால் ரூபாய் ஏறப் போகிறது."

அவர் கையிலிருந்த உருண்டை தட்டுக்கு இறங்கியது. ரூபாய் ஏறினால் அவருக்கு வயிற்றில் அடி. நான் பொறுமையாக விளக்கினேன். ஸ்பெயின், மாரக்காள், ரோமாபுரி, எல்லாம். "இத்தனை பேர் நம் சரக்கைக் கேட்கும்போது ரூபாய் எப்படி இறங்கும்? டாலர் மலிவாகும் முன்னால் உங்கள் டாலரை விற்றுவிட வேண்டும்" என்றேன்.

"இன்னும் சரக்கே போகலீங்களே. வராத டாலரை எப்படிங்க விக்கறது?"

"தோப்பில் காய் மரத்தில் இருக்கும்போதே விலை பேசி விற்கிறீர்களே, எப்படி விற்கிறீர்கள்? அதேபோல் வங்கியிலும் பேசலாம். வருஷம் முழுக்க வரப்போகும் டாலரை இன்றைய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று வங்கி எழுதிக் கொடுக்கும். பிறகு டாலர் கிணற்றில் விழுந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை."

"ஏறிப்போச்சுன்னா?"

"ஏறாது."

சம்பூர்ணம் ரசச் சட்டியோடு நின்றாள். "நமக்கெதுக்குண்ணா அதெல்லாம். வர்றப்ப வர்றதை வாங்கிக்கலாம்" என்றாள்.

"நீ ரசத்தை ஊற்று" என்றேன்.

இப்போது நான் சொல்லப்போவதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு வாசகம் சொன்னேன். 'மற்றவை மாறாதிருந்தால்.' பொருளாதாரத்தில் எந்த விதியைச் சொன்னாலும் கடைசியில் இதைச் சேர்க்கவேண்டும். சேர்த்தேன். சத்தமாகவே சேர்த்தேன். மாப்பிள்ளை அப்போது குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கொப்பளிக்கிற சத்தத்துக்கு நான் எப்படி ஐயா பொறுப்பாக முடியும்?

வங்கிக்குப் போனார். அங்கே ஒரு மேனேஜர், கழுத்துப்பட்டை கட்டின பையன். "வருஷம் பூராவுமா? பாதிக்குப் போட்டுக்குங்க சார், மீதியை விட்டு வைங்க" என்றானாம். வங்கி வாசலிலிருந்தே மாப்பிள்ளை எனக்குப் போன் போட்டார். பாதி என்பது பாதி படித்தவர்கள் சொல்வது என்றேன். முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். முகத்தில் ஒரு சிரிப்பு தெரிகிறது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்.

ரூபாய் இறங்கியது. எங்கேயோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டன, கச்சா எண்ணெய் விலை ஏறியது, எண்ணெய் வாங்க இந்த நாடு டாலருக்கு அலைந்தது. பங்குச் சந்தையில் பணம் போட்டிருந்த வெளிநாட்டுக்காரனும் மூட்டையைக் கட்டினான். பொள்ளாச்சியில் வந்து இறங்கிய டாலர், நாடு எண்ணெய்க்குக் கொட்டிய டாலருக்கு முன்னால் கடலில் கரைத்த பெருங்காயம். இதை வைத்துக்கொண்டு நான் சொன்னது தப்பு என்கிறார்கள். எப்படித் தப்பாகும்? ஏற்றுமதி கூடும் என்றேன், கூடியது. ரூபாயைக் கேட்பார்கள் என்றேன், கேட்டார்கள். பொள்ளாச்சி தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. நாடுதான் ஒத்துழைக்கவில்லை.

டாலர் மளமளவென்று ஏற, ஆனைமலை ரோட்டில் மற்றவர்களுக்கெல்லாம் திருவிழா. மாப்பிள்ளை மட்டும் பழைய விலைக்கு டாலரை வங்கியில் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் களத்துக்காரன் ஒருநாள் மைசூர்பாகு டப்பாவோடு வந்தானாம். "புதுக் காருங்க. எல்லாம் டாலர் புண்ணியம். உங்களுக்கும் நல்லா வந்திருக்குமே" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை உட்கார்ந்தே இருந்தானாம். மாப்பிள்ளை ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார் என்று கேள்வி. விழுங்கினால் பேச வேண்டி வருமே.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஸ்பெயின்காரன் செய்தி அனுப்பினான். 'உங்கள் ரூபாய் இறங்கிவிட்டது, உங்கள் செலவெல்லாம் ரூபாயில்தானே, டாலர் விலையைக் குறையுங்கள்' என்று. அவன் கேட்டது நியாயம். அவனும் எங்கேயோ ஒரு நல்ல அலமாரியைப் படித்திருக்கிறான். மற்றவர்கள் குறைத்தார்கள். அவர்களுக்குத்தான் ஒரு டாலருக்குக் கூடுதல் ரூபாய் வருகிறதே, குறைத்தாலும் கட்டும். மாப்பிள்ளைக்குப் பழைய ரூபாய்தான் வரும். அவரால் குறைக்க முடியவில்லை. ஸ்பெயின்காரன் சத்தம் போடாமல் மைசூர்பாகுக்காரனிடம் போய்விட்டான்.

வாங்குகிறவன் போனால் டாலர் வராது. ஆனால் வங்கிக்கு டாலர் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கிறது. காய் மரத்தில் இருக்கும்போதே தோப்பை விற்றாயிற்று, மரம் காய்க்கவில்லை, அடுத்த தோப்பில் அதிக விலைக்குக் காய் வாங்கிப் பேசியவனுக்குக் கொடுக்கவேண்டும். அதுபோல. தொகையெல்லாம் உங்களுக்கு வேண்டாம். களத்தில் பாதியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், மாரக்காளும் அவளோடு வந்தவர்களும் பக்கத்துக் களத்துக்குக் கிளறப் போனார்கள் என்பது போதும்.

நான் மறுநாளே போனேன். ஆறுதல் சொல்லத்தான். கச்சா எண்ணெயின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்து, எங்கே என் கணிப்பு சரி, எங்கே உலகம் தவறியது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். ஒரு மணி நேரம் இருக்கும். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆழ்ந்து கேட்கிறார் என்று நினைத்தேன்.

சம்பூர்ணம் வாசற்படியில் நின்றாள். "அண்ணா" என்றாள்.

"இரு, இன்னும் ஒரு விஷயம் பாக்கி."

"அண்ணா, தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவருக்கு அது போதும்."

"எது தப்பாகப் போயிற்று? நீ அதை முதலில் சொல்லு. விதி தப்பா, கணிப்பு தப்பா, வங்கியில் முழுவதும் எழுதிக் கொடுத்த முடிவு தப்பா? மூன்றும் வேறு வேறு."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நீ சொல்லிக் கேட்டாரு. கெட்டுப் போச்சு."

"மற்றவை மாறாதிருந்தால் என்று சொன்னேனா இல்லையா?"

"எப்பச் சொன்னீங்க?" என்று மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

"நீங்கள் வாய் கொப்பளித்தபோது" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மரியாதை தெரியாத வீடு.

அடுத்து நடந்ததைச் சொன்னால் இந்தக் காலத்திலுமா என்பீர்கள். ஆனைமலையில் மாசாணியம்மன் இருக்கிறாள், தெரியுமல்லவா. மல்லாந்து படுத்திருக்கும் அம்மன். யாராவது அநியாயம் செய்துவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் அங்கே போய் வரமிளகாயை அம்மியில் அரைத்து நீதிக் கல்லில் பூசுவார்கள். பூசினால் அநியாயம் செய்தவனுக்கு எரியும் என்பது நம்பிக்கை. நகை திருடியவனுக்கு அரைப்பார்கள், நிலத்தை ஏமாற்றியவனுக்கு அரைப்பார்கள், குடியைக் கெடுத்தவனுக்கு அரைப்பார்கள். கோர்ட்டைவிட வாய்தா குறைவு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எனக்கு அரைத்திருக்கிறார்கள், ஐயா. ரூபாய் இறங்கியதற்கு எனக்கு அரைத்திருக்கிறார்கள். உலகத்தில் இப்படி ஒன்று நடந்ததுண்டா? நியாயமாகப் பார்த்தால் எண்ணெய் விற்கும் நாடுகளுக்கு அரைக்க வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிய வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அரைக்க வேண்டும். விலாசம் தெரியாது என்பதால் பக்கத்தில் இருப்பவனுக்கு அரைப்பதா? கோயில் வாசலில் பூ விற்கிறவள்தான் எனக்குச் சொன்னாள். "உங்க மாப்ள வீட்டுல வந்து அரைச்சாங்க, உங்க பேரைச் சொல்லித்தான்" என்று. அந்த வாரம் எனக்கு வயிற்றெரிச்சல் வந்தது வாஸ்தவம். அது நெல்லிக்காய் ஊறுகாயால் வந்தது. டாக்டரே சொன்னார்.

அன்றோடு போக்குவரத்து நின்றது. பொங்கலுக்குக் கூடப் போகவில்லை.

அப்புறம் அருமைக்காரர் நாச்சிமுத்து வந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். சமாதானம் பேச இவர் வந்தாரென்றால் சங்கதி பெரிது என்று அர்த்தம். காப்பியைக் குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், என் அலமாரிகளைப் பார்த்து "இத்தனையும் படிச்சுமாங்க" என்று நிறுத்திக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"சிந்துஜாவுக்குக் காங்கேயத்துல எடம் அமைஞ்சிருக்குதுங்க. எண்ணெய் யாவாரம். பையன் நல்ல பையன். வர்ற வாரம் நிச்சயம் பண்ணி உப்புச் சக்கரை மாத்தறோம்."

சிந்துஜா என் தங்கை மகள். ஒரே மகள். நடக்கப் பழகும்போது என் நூலகத்து மேசைக்கடியில்தான் கிடப்பாள். அகராதியின் முதுகைக் கடித்து வைப்பாள். அந்த அகராதி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது, பழுதான புத்தகம் என்று எழுதி நானே விலைக்கு வாங்கிக்கொண்டேன். அதை விடுங்கள். தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் பெண்கள் மணவறை ஏறமாட்டார்கள். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

"எனக்கு மிளகாய் அரைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நான் வரவேண்டுமா?" என்று கேட்டேன்.

"மாப்ள அரைக்கலீங்க. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு."

"பிறகு?"

"அரைச்சது உங்க தங்கச்சி."

அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு, "எத்தனை மிளகாய்?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, அதைப் போய் ஆரு எண்ணுவாங்க?"

"அவளுக்குப் பொருளாதாரம் தெரியாது. அதனால் டாலர் ஏறியதற்கு என்னைப் பழி சொல்கிறாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்."

"டாலருக்காக அரைக்கலீங்களே. அன்னைக்கு ஊடு தேடி வந்து ஒரு மணி நேரம் பேசுனீங்களே, அதுக்கு அரைச்சுது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க, சபையில எல்லாம் வேண்டாம். உப்புச் சக்கரை அன்னைக்கு வாங்க. ஓரமா மாப்ள கையைப் புடிச்சு, தப்பாப் போச்சு மாப்ளன்னு ஒரே வார்த்தை. அதோட தீந்துது. மாமன் மாலை உங்க கையில. இன்னொன்னு. களம் பாதி மூடிக் கெடக்கறது காங்கேயத்துக்காரங்களுக்குத் தெரியாது. கல்யாணம் முடிஞ்சதும் உங்க மாப்ளயே சொல்லிக்குவாரு. அந்தப் பேச்சை மட்டும் எடுத்துராதீங்க, உங்களுக்குக் கோடி புண்ணியம்."

ஒப்புக்கொண்டேன். சிந்துஜாவுக்காக ஒப்புக்கொண்டேன். தப்பு என்ற சொல்லை எந்தப் பொருளில் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்து, மனச்சாட்சிக்கு விரோதமில்லாத ஒரு பொருளையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

போனேன். வாசலிலேயே சிந்துஜா ஓடிவந்து, "மாமா, வந்துட்டீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பூர்ணம் காப்பியை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. மாப்பிள்ளை கூடத்தின் மறுபக்கம் நின்றார். இரண்டு தடவை என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கையைப் பிடிக்க நான் தயாராகத்தான் இருந்தேன். சத்தியமாகத் தயாராக இருந்தேன். ஆனால் எனக்கு அடுத்த நாற்காலியில் பையனின் அப்பா முத்துக்குமாரசாமி வந்து உட்கார்ந்தார்.

அவர் மலேசியாவிலிருந்து பாமாயில் தருவிக்கிறவர். டாலரில் வாங்குகிறவர். ஆகவே உங்கள் ஜாதி. உட்கார்ந்ததுமே நாக்கால் ஒரு 'ச்சு'.

"ரூபா இப்படி விழுந்தா நாடு எங்கீங்க உருப்படும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"ரூபாய்க்கு மரியாதை போச்சுன்னா நாட்டுக்கு மரியாதை போச்சுங்க" என்றார்.

அப்போதும் திறக்கவில்லை. காப்பியைக் குடித்தேன். நாச்சிமுத்து எதிரில் நின்று கண்ணாலேயே என்னைப் பிடித்து வைத்திருந்தார்.

பிறகு அவர் மாப்பிள்ளை பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார். "எங்களுக்குத்தான் இந்தக் கஷ்டமெல்லாம். எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கென்ன. ரூபா விழ விழ அத்தனை பேருக்கும் கொண்டாட்டம். ஒருத்தருகூட நஷ்டப்பட முடியாதுங்க. எங்க சம்பந்தியவே பாருங்க."

ஐயா, 'அத்தனை பேருக்கும்' என்றார். 'ஒருத்தருகூட' என்றார். இப்படி ஒரு பொதுவிதியைச் சபையில் போட்டுவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். நாளைக்கு நாலு பேர் அதை நம்புவார்கள். பொதுவிதியை உடைக்க ஒரே ஒரு உதாரணம் போதும் என்பது தர்க்க சாஸ்திரம். கையெட்டும் தூரத்தில் உதாரணம் இருந்தது.

"அத்தனை பேருக்கும் என்பது தவறு" என்றேன். "டாலரை முன்கூட்டியே விலை பேசியவருக்கு ரூபாய் விழுந்தால் நஷ்டம்தான். வாங்குகிறவன் விலை குறைக்கச் சொல்வான், குறைக்க முடியாது, வியாபாரம் கைமாறும், பாதிக் களத்தை மூடவேண்டி வரும். வெகுதூரம் போகவேண்டாம். இவரையே பாருங்கள்."

கூடம் அமைதியானது. நான் பேசினால் சில சமயம் அப்படி ஆகும்.

முத்துக்குமாரசாமி கையிலிருந்த சர்க்கரைத் தட்டைக் கீழே வைத்தார். "அப்படிங்களா" என்றார். மாப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களோடு வெளியே போய்க் கார் பக்கத்தில் நின்று பேசினார். உள்ளே யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிந்துஜா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், எப்போது உள்ளே போனாள் என்று நான் கவனிக்கவில்லை.

அவர் திரும்பி வந்தார். கோபமெல்லாம் இல்லை. வியாபாரி. "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது, கல்யாணம் நடக்கட்டும்" என்றார். "ஆனா மறைச்சீங்க பாருங்க, அதுக்கு ஒண்ணு சொல்றேன். களத்தைப் பையன் பேருல எழுதிருங்க. பேங்கு விவகாரத்தை நாங்க பாத்துக்கறோம். சம்பந்தி வழக்கம்போல வந்து மேப்பார்வை பாத்துக்கட்டும். சம்பளம் போட்டுத் தர்றோம்."

மாப்பிள்ளை தன் மகள் போன அறைக் கதவைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டார்கள். நான் சொல்லித்தான் ஆகவேண்டும், அன்றைக்கு நான் பேசியதால்தான் அந்தக் களத்துக்கு வசதியுள்ள ஒரு முதலாளி கிடைத்தார். இப்போது தார்ப்பாயை எடுத்துவிட்டார்களாம், மாரக்காளும் திரும்பி வந்துவிட்டாளாம். இதை யாராவது என் கணக்கில் எழுதினார்களா? நாச்சிமுத்து என்னைத் தாண்டிப் போகும்போது, "சிவனேன்னு காப்பியைக் குடிச்சிருக்கலாமுங்களே" என்றார். அதையும்தான் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது சம்பூர்ணம் வந்தாள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். அதில் பாதிக் காப்பி இருந்தது.

"அந்த ஒரு வார்த்தையை இப்போது சொல்கிறேன்" என்றேன். "எந்தப் பொருளில் என்றால்..."

"போண்ணா" என்றாள். திட்டவில்லை. தெருவில் தெரியாதவர்களுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

மாப்பிள்ளை வாசல் வரை வந்தார். வழியனுப்ப வருகிறார் என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டே, உங்கள் சம்பந்திக்கு அடிப்படை சரியில்லை, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்றேன். "மச்சான்" என்றார். "கல்யாணத்துக்கு நீங்க வரவேண்டாம்." அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் ஒரு முடிவைச் சொல்வது அந்த வீட்டுப் பழக்கம்.

டிரைவர் ஏறிவிட்டார். சில்லறை வைத்திருக்கிறீர்களா? கண்டக்டர் முணுமுணுப்பார். பத்திரிகையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தலைப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பேசத் தோன்றும்.

கல்யாணமா? இன்றைக்குத்தான். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. மாமன் மாலையை என் சித்தப்பா மகன் கிட்டுசாமி போடுகிறான். டயர்க்கடை வைத்திருக்கிறான். மண்டபம் கிணத்துக்கடவு தாண்டி, கோவை ரோட்டில் இருக்கிறது. இந்த பஸ் எதிர்ப்பக்கம் பழனிக்குப் போகிறது.